விளக்கா, கட்டியா, காசா?

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவனைக் கோயில் பிராகாரத்தில் கண்டால் அன்பர்களுக்கு ஏதேனும் ஒரு கேள்வி பிறந்துவிடுகிறது. முன்பெல்லாம் அது வைப்புத்தொகை வட்டியைப் பற்றியதாக இருந்தது. 2025-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பிறகு வெள்ளியைப் பற்றியதாக மாறிவிட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கிராம் ஏறத்தாழ 100 ரூபாயாக இருந்த வெள்ளி, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் சென்னையில் 200 ரூபாயைக் கடந்தது; அந்த மாதம் முடிவதற்குள் 170-க்குக் கீழே இறங்கவும் செய்தது. சிவன்மலை ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வெள்ளி வைக்கப்படுமா என்று கேட்டவர்கள்கூட உண்டு. அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. விலை ஏறுமா, இறங்குமா என்பதும் எனக்குத் தெரியாது. எந்த உருவத்தில் வாங்குவது என்பதைப் பற்றி மட்டும் ஓரளவு சொல்ல இயலும். என் தமக்கைக்காக அதை ஆற அமர யோசிக்க நேர்ந்தது.

தமக்கையார் அவிநாசியில் தனியே வசிக்கிறார். வயது எழுபத்திரண்டு. அத்தான் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள்தாம். ஆயினும் ஆர்டர் குறைந்த மாதத்தில் அவர்களிடம் மருந்துச் செலவுக்குக் கை நீட்ட அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. வைப்புத்தொகை ஒன்று முதிர்ந்தபோது, அதில் ஒரு பகுதியை வெள்ளியாக வாங்கித் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். "கையில ஏதாச்சும் இருந்தா யாரு மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்ல, தம்பி" என்றார்.

பெரிய மகன் ஒரு கிலோ கட்டியாக வாங்கச் சொன்னான். சின்ன மருமகள், கொலுசாக வாங்கினால் பேத்திகளுக்கும் ஆகும் என்றாள். அக்காவின் கண்ணோ ஐந்துமுகக் குத்துவிளக்கின் மேல் இருந்தது.

வெள்ளி விளக்கை வேண்டாம் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். செய்கூலியும் 3 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் வாங்கும் நாளிலேயே போய்விடுகின்றன. விற்கும்போது அவை திரும்புவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து ஆண்டுகள் அம்பாள் முன் ஏற்றி வணங்கிய விளக்கை, ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று உருக்கும் கடையில் கொண்டுபோய் வைக்க அக்காவால் ஆகுமா? ஆகாது. விற்க மனம் வராத பொருளை ஆபத்துக்கென்று வாங்குவது கணக்கில் சேராது. விளக்கு வாங்குவதானால் அந்தப் பணத்தைச் சுவாமிக்குக் கொடுத்ததாக எழுதிவிட வேண்டும் என்றேன்.

கொலுசுக்குச் சேலம் பெயர் பெற்றது. நம் பகுதிக் கடைகளுக்கும் அங்கிருந்து நிறைய வருகிறது. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை டச்?" என்பதுதான். சங்கிலிக் கண்ணிகளைப் பற்ற வைத்த பொடி, கால் பட்டுத் தேய்ந்த தேய்மானம் எல்லாவற்றுக்கும் கழிவு உண்டு. உள்ளீடற்ற காப்பானால் உள்ளே இருக்கும் அரக்கும் எடையில் சேர்ந்து, பிறகு கழிபடும். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளத்தோடு ஹால்மார்க் பெறும் வசதி வந்திருக்கிறது. கட்டாயமில்லை, விருப்பத்தின்பேரில்தான். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டுப் பார்க்கலாம். பேத்திக்கு வாங்குவோர் அதைக் கேட்டு வாங்குவது நல்லது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோயில் வீதிகளில் 'ஜெர்மன் சில்வர்' என்று விற்கும் பூஜைத் தட்டில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் உண்டு. வெள்ளி மட்டும் இல்லை.

பேச்சுக்கிடையே அக்கா எங்கள் தாயாரின் பழைய பெட்டியைத் திறந்தார். ராணி தலை, ராஜா தலை ரூபாய்கள் பதினாறு இருந்தன. பழைய காசு என்றால் சுத்த வெள்ளி என்பது வீட்டார் அனைவரின் நம்பிக்கை. ஆண்டு வாரியாகப் பிரித்து வைத்தேன். 1939 வரையிலான ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. உலகப் போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை அச்சிட்ட ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-இல் நிக்கல் ரூபாயே வந்துவிட்டது. விந்தை என்னவென்றால், விக்டோரியா ராணி ரூபாயும் 1943-ஆம் ஆண்டு ரூபாயும் தராசில் ஒன்றுபோலவே ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் காட்டும். முன்னதில் வெள்ளி 10.7 கிராமுக்குச் சற்றே குறைவு; பின்னதில் 5.8 கிராம். பதினாறில் ஒன்பது போர்க்காலத்தவை. அக்காவின் முகம் சற்று வாடியது. இவற்றை உருக்கவும் வேண்டாம், புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம், தாயாரின் நினைவாக அப்படியே இருக்கட்டும் என்று முடித்தோம். சேமிப்புக்கென்று இத்தகைய காசுகளைப் புதிதாகத் தேடி வாங்குவது எனக்கு உடன்பாடில்லை, போலிகள் மிகுதி.

காசு உருவத்தில் வெள்ளியைச் சேர்த்து வைப்பது நொய்யல் கரைக்குப் புதிதன்று. 1842-இல் கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. நம் திருப்பூர்ப் பக்கம் காத்தாங்கண்ணியிலும் அத்தகைய புதையல் கிடைத்திருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எவரோ ஒருவர் ஆபத்துக்கென்று புதைத்து வைத்து, எடுக்க வராமலே போயிருக்கிறார். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றும் பணத்தை 'வெள்ளி' என்றே எண்ணுகிறார்கள்.

இனி, பெரியவன் சொன்ன கட்டி. கூலி குறைவு, தூய்மை 999, சேமிப்புக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் முப்பதாயிரம் தேவைப்படும் நாளில் ஒரு கிலோவையும் விற்றாக வேண்டும். வெட்டினாலோ முத்திரை போய்விடும். முத்திரை போன துண்டை உரைத்துப் பார்க்காமல் எவரும் வாங்கமாட்டார். அடகு வைக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. நான் பணியிலிருந்த காலத்தில் எங்கள் கிளையில் தங்கத்துக்குத்தான் கடன். வெள்ளியைத் திரும்பிப் பார்க்கமாட்டோம். ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் வெளியிட்ட நெறிமுறைகள் வெள்ளிக்கும் இடம் அளித்தன. 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது கெடு. ஆபரணமானால் 10 கிலோ வரை, நாணயமானால் 500 கிராம் வரை ஈடாக ஏற்கலாம். கட்டிக்குக் கடன் கிடையாது. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம். எல்லா வங்கியும் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. கிளையில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, தூய்மையும் எடையும் பொறித்த 999 நாணயங்களாக, 50 கிராம் வீதம் பத்து வாங்கினோம். கட்டியைவிடக் கிராமுக்குச் சற்றுக் கூடுதல்தான். சிறிய காசானால் கூலி இன்னும் ஏறும். ஆனால் தேவைக்கேற்ப ஒன்றோ இரண்டோ மட்டும் எடுத்து விற்கலாம். விற்ற வங்கியே நாணயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம், வங்கிகள் வாங்குவதில்லை. நாங்கள் வாங்கியது, திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதித் தந்த கடையில்.

வைக்கும் இடம் அடுத்த கவலை. சேரமான் பெருமாள் கொடுத்த பொருளோடு வந்த சுந்தரரையே சிவகணங்கள் வேடராய் வந்து வழிமறித்த திருமுருகன்பூண்டி பக்கத்தில்தான் இருக்கிறது. பாடினால் திருப்பித் தரும் கள்வர் நமக்கு வாய்ப்பதில்லை. எட்டு நாணயங்கள் பெட்டகத்துக்குப் போயின. தீ, திருட்டு போன்றவற்றால் அங்கே இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான் என்பதையும், வாரிசு நியமனம் எழுதித் தரவேண்டும் என்பதையும் அக்காவிடம் சொன்னேன். ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கிவிடும். துணிக்கா நமக்குப் பஞ்சம்? சின்னவன் கம்பெனியிலிருந்து வந்த வெள்ளைப் பனியன் துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றினார்.

மிச்சப் பணத்தில் ஒரு சிறிய காமாட்சி விளக்கும் வாங்கினார். அதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. வெள்ளிதோறும் விபூதி போட்டுத் துடைத்து ஏற்றுகிறார். இரண்டு நாணயங்களும் பில்லும் எங்கே இருக்கின்றன என்பதைச் சின்ன மருமகளுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். கட்டி வாங்கச் சொன்ன பெரியவனுக்கு இன்னும் தெரியாது.