சூதும் சட்டசபையும்

திருவள்ளுவர் சூதைப் பற்றிய அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். அரசும் அமைச்சும் நாடும் பேசப்படும் அந்தப் பாலில், கள்ளுண்ணாமைக்கு அடுத்ததாக, 94ஆம் அதிகாரமாக அது நிற்கிறது. சூது ஒருவனுடைய தனி ஒழுக்கத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று, நாட்டின் பொருளைப் பற்றிய செய்தியும் ஆகும் என்று அப்பெருந்தகை கருதினார் போலும். நம் அரசியல் அமைப்புச் சட்டத்தை இயற்றியவர்களும் அதை ஆட்சியின் பொறுப்பாகவே வைத்தனர். அதன் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34ஆம் இனம் பந்தயமும் சூதாட்டமும் ஆகும். அவற்றின்மீது வரி விதிக்கும் உரிமையும், 2016ஆம் ஆண்டுத் திருத்தம் வரும் வரையில், அதே பட்டியலின் 62ஆம் இனத்தில் இருந்தது. ஆக, சூதைத் தடுக்கும் கோலையும் சூதின் வருவாயை வாங்கும் பையையும் ஒரே சட்டசபையின் இரு கைகளில் கொடுத்து வைத்தார்கள். அந்த இரு கைகளும் கடந்த எழுபது ஆண்டுகளில் என்ன செய்தன என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றிற்று.

நம் சங்க இதழில் அரசியல் எழுதுவது வழக்கமில்லை. ஆயினும் இதை அரசியல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நம்மவர் வீடுகளில் அடுப்பு எரிவதோடு சம்பந்தப்பட்ட காரியம் இது. நான் ரயில்வேயில் சம்பளப் பட்டியல் பார்க்கும் குமாஸ்தா. யாருடைய சம்பளத்தில் எந்தப் பிடித்தம் விழுகிறது என்பது என் கண்ணுக்குத் தப்பாது. ஊழியர் கடன் சங்கத்து விண்ணப்பத்தில் 'தங்கை திருமணம்' என்றும் 'வீடு பழுது பார்த்தல்' என்றும் காரணம் எழுதியிருக்கும். ஒரே தங்கைக்கு ஈராண்டில் இருமுறை திருமணம் நடந்தால், குமாஸ்தாவுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அப்படித் திருமணம் நடத்திய இளைஞர் ஒருவரை அறிவேன். தாராவியில் குடியிருப்பவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவர் பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று அவரே இசைந்தார். இரண்டாவது விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நான் மெல்லக் கேட்டபோது, அவர் தலை குனியவில்லை. நிமிர்ந்தே பதில் சொன்னார்.

"அண்ணாச்சி, நான் சூதாடவில்லை. கைப்பேசியில் ரம்மி ஆடினேன். அது திறமை விளையாட்டு என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது."

அவர் சொன்னது பொய்யன்று. அதனாலேயே எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அன்றிரவு தொடங்கி இந்த 'திறமை' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

1950களில் பெங்களூரிலிருந்து ஓர் ஆங்கில வார இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் குறுக்கெழுத்துப் போட்டி. நுழைவுக் கட்டணம் உண்டு, பரிசும் உண்டு. பம்பாய் ராஜ்யத்தில் பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1948 முதலே இருந்தது. ஆனால் வெளி ராஜ்யத்தில் அச்சாகும் பத்திரிகை அதில் அகப்படவில்லை. 1952இல் சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவையும் அடைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1957 ஏப்ரலில் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் ரிக்வேதத்தையும் மகாபாரதத்தையும் எடுத்துக்காட்டி, சூதாட்டம் வாணிபமே ஆகாது, ஆகவே வாணிப உரிமை என்ற கேடயம் அதற்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தார். அத்தோடு வேறொன்றும் நிலைபெற்றது: திறமையே மிகுதியாக வேண்டப்படும் போட்டி சூது ஆகாது என்ற பிரிவினை. கோடு அங்கே கிழிக்கப்பட்டது.

பத்தாண்டு கழித்து, 1967இல், சிகந்திராபாத்துச் சங்கம் ஒன்றில் சீட்டாடியவர்களின் வழக்கு வந்தது. ரம்மியில் விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று அறிய வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. நம் இளைஞர் சொன்ன கோர்ட்டு இதுதான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வாசகமும் உண்டு. பணயம் வைத்து ஆடப்படும் ரம்மியிலிருந்து இடத்துக்குரியவரோ சங்கமோ லாபம் எடுப்பதாகச் சான்று இருந்தால், குற்றம் நிலைக்கலாம் என்பதே அது. கைப்பேசிக் கம்பெனியார் தீர்ப்பின் முற்பாதியை விளம்பரத்தில் முழங்கினார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டே முழங்கினார்கள். பிற்பாதியைப் படித்துக்காட்ட நம்மவரிடம் யார் இருக்கிறார்?

என் சிற்றறிவுக்கு ஒன்று விளங்கவில்லை. சகுனி ஆடியது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? அவன் கைத்திறமையை எவரும் மறுத்ததில்லை. அதனால் தருமன் இழந்தது குறைந்துவிட்டதா? எதிரில் இருப்பவன் திறமைசாலி என்றால் தோற்பவனுக்கு ஆபத்து கூடுமே அன்றிக் குறையாது. இதைச் சொல்லச் சட்டம் படித்திருக்க வேண்டுவதில்லை. அந்த இளைஞரின் மனைவி நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "திறமையில போச்சோ, அதிர்ஷ்டத்துல போச்சோ அண்ணாச்சி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டணும்." அந்த அம்மையார் கேட்ட கேள்வியைத்தான் நம் சட்டசபைகள் நெடுங்காலம் கேட்கவில்லை.

நாம் வாழும் இந்த நகரையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கிலிருந்து தந்தியில் வரும் பருத்தி விலையின்மீது பந்தயம் கட்டியதிலிருந்து மட்கா பிறந்தது. அந்த விலை வருவது நின்றபின், 1960களில் எண்களைக் குடத்திலிருந்து எடுத்தார்கள். பிறகு சீட்டுக்கட்டிலிருந்து எடுத்தார்கள். பரேல், லால்பாக் ஆலைத் தொழிலாளர் கூலி அதில் எவ்வளவு கரைந்தது என்பதை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மட்கா குற்றம், 1887ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சூதாட்டத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றம் என்றது. ஆனால் 1969இல் மகாராஷ்டிர அரசாங்கமே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கிற்று. மகாலட்சுமியில் குதிரை ஓடுவதற்கு 1912 முதலே உரிமச் சட்டம் உண்டு. ஏழை எண் கட்டினால் காவலர் வருவார். அதே ஏழை சர்க்கார் சீட்டு வாங்கினால் கஜானாவுக்குக் கைங்கரியம்.

இதனினும் வேடிக்கை ஒன்று. 1976இல் மகாராஷ்டிரச் சட்டசபை கேசினோ என்னும் சூதாட்டக் கூடங்களுக்கு உரிமமும் வரியும் விதிக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அது ஒருநாளும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அலமாரியில் கிடந்தது. உரிமம் கேட்டு இடையிடையே சிலர் வந்தார்கள். நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2023இல் அச்சட்டத்தை நீக்க முடிவு செய்தார்கள். எங்கள் இலாகாவில் ஒரு கோப்பு நாற்பத்தேழு நாள் கிடந்தால் விளக்கம் கேட்டு ஓலை வரும்!

கேசினோ வேண்டுவோர் கோவாவுக்கு வண்டி ஏறுகிறார்கள். கோவாவில் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 1992இல் திருத்தி ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திரச் சூதை அனுமதித்தார்கள். 1996இல் கப்பல்களுக்கும் வழி திறந்தார்கள். பணஜியில் மாண்டவி ஆற்றின்மீது விளக்கொளியோடு அவை நிற்பதைக் கண்டவர் நம்மில் பலர். 2020 முதல் கோவாவின் மக்களே அந்தக் கூடங்களுக்குள் ஆடச் செல்லலாகாது என்று அந்த அரசு தடை விதித்தது. தன் பிள்ளைக்கு நஞ்சு என்று தெரிந்த பண்டத்தை அயல்வீட்டுப் பிள்ளைக்கு விற்பது என்ன நியாயமோ! சிக்கிமும் தன் குடிகளைக் கேசினோவில் விடாமல் காத்தது. சிக்கிம் லாட்டரிச் சீட்டோ நாடெங்கும் போயிற்று. புலம்பெயர்ந்து வாழும் நாம் எல்லா மாநிலத்துக்கும் அயல்வீட்டுப் பிள்ளைகள் என்பதை இங்கே நினைக்க வேண்டும்.

தமிழ்நாடும் இந்தப் பாதையில் நடந்ததே. 1968இல் பரிசுச் சீட்டுத் திட்டம் வந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று விளம்பரம் செய்தார்கள். அழகான வாசகந்தான், விழாத வீடு எத்தனை என்று மட்டும் அது சொல்லவில்லை. தன் சீட்டை விற்றுக்கொண்டே பிற மாநிலச் சீட்டை ஒரு மாநிலம் தடுக்க இயலாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2003இல் தமிழ்நாடு தன் சீட்டையும் சேர்த்தே நிறுத்திற்று. இரு கைகளில் ஒன்றைத் தானே மடக்கிக்கொண்ட அச்செயலை நான் மதிக்கிறேன். ஆனாலும் கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு வண்டியில் ஒரு மணி நேரப் பயணம். அங்கே 1967இல் தொடங்கிய கேரள அரசின் லாட்டரி காத்திருக்கிறது.

பிறகு கைப்பேசி வந்தது. எல்லை கடக்க வண்டியும் வேண்டாமென்று ஆயிற்று. 2020 நவம்பரில் தமிழ்நாடு இணையவழிப் பணய ஆட்டங்களுக்கு அவசரச் சட்டத்தால் தடை விதித்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், அதனைத் தொடர்ந்து வந்த சட்டத்தைத் தள்ளிவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் மீண்டும் மசோதா நிறைவேறிற்று. ஆளுநர் 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். அதே மாதம் சபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமை ஆட்டங்கள் என்று தடையினின்றும் விடுவித்தது. மீண்டும் 1967! கடைசியில் 2025இல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடலாகாது என்று விதி செய்தார்கள். அதை நீதிமன்றம் ஒப்பியது. தூக்கமும் சம்பளமும் ஒன்றாகக் கரையும் நேரம் எது என்று யாரோ உணர்ந்து எழுதிய விதி அது. ஆனால் திருநெல்வேலியில் உள்ள தம்பிக்கு அந்த விதி. தாராவியில் உள்ள அண்ணனுக்கு அவ்விதி இல்லை. நம் இளைஞர் தோற்றதெல்லாம் இரவு ஒரு மணிக்கு மேல்தான்.

மகாராஷ்டிரத்திலோ 2025 ஜூலையில், சட்ட மேலவையில் அமர்ந்திருந்த அமைச்சர் ஒருவர் கைப்பேசியில் ரம்மி ஆடியதாகக் காணொளி வெளிவந்து நாடே பேசிற்று. தாம் ஆடவில்லை, திரையில் வந்த விளம்பரத்தை மூடவே முயன்றதாக அவர் விளக்கினார். உண்மை எதுவாயினும், வேளாண்மைத் துறை அவரிடமிருந்து எடுக்கப்பட்டது; விளையாட்டுத் துறை கொடுக்கப்பட்டது. இதற்கு மேல் நான் எழுதினால் உத்தியோகத்துக்கு ஆகாது.

அடுத்த மாதமே பாராளுமன்றம் குறுக்கிட்டது. ஆகஸ்டு 20, 21 ஆகிய இரு நாட்களில் இரு சபைகளும் மசோதாவை நிறைவேற்ற, 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணையவழி ஆட்டம் எதுவாயினும் நடத்தலாகாது என்பது அச்சட்டம். நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு, ஆடுவோரைத் தண்டிப்பதில்லை. அந்த அம்மையாரின் கேள்வி முதன்முறையாக நாடு முழுமைக்கும் சட்டப் புத்தகத்தில் ஏறிற்று என்று நான் மகிழ்ந்தேன். ஒப்புதல் கிடைத்த சில நாட்களிலேயே பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் உள்ளதாயிற்றே, பாராளுமன்றம் கை வைக்கலாமா என்று கேட்டு நிறுவனத்தார் நீதிமன்றங்களுக்குச் சென்றார்கள். அவ்வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. மாநில உரிமை பெரிது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமையை இத்தனை நாள் நினையாதவர்கள், லாபம் நின்ற மறுவாரம் அதற்காக உருகுவதைக் காணும்போது சிரிப்பு வருகிறது.

அரசாங்க லாட்டரியை இச்சட்டம் தொடவில்லை என்பதையும் மறக்கலாகாது.

நம் இளைஞரின் கைப்பேசியில் அந்தச் செயலி இப்போது இல்லை. வங்கி அட்டை மனைவியிடம் இருக்கிறது. ரயில் பாஸ் இருப்பதால் வழிச்செலவு இல்லை, தேநீருக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். கடன் சங்கத்துக்கு மாதம் 8,500 ரூபாய் பிடித்தம். இன்னும் 47 தவணைகள் உள்ளன. பிள்ளையின் பள்ளிப் பணத்துக்கு இம்முறை அம்மையாரின் வளையல் அடகுக்குப் போயிற்று.