வின்ட்சர் வீட்டில் கீமோ மாதங்கள்

மார்ச் 10, 2024

இங்கிலாந்தில் அன்னையர் தினம். இளவரசி கேத்தரினைச் சுற்றிப் பிள்ளைகள் ஜார்ஜ், சார்லட், லூயி. நால்வர் முகத்திலும் சிரிப்பு. படம் எடுத்தவர் கணவர் வில்லியம். ஜனவரியில் நடந்த வயிற்று அறுவைக்குப் பிறகு கேத்தரின் வெளியே தலைகாட்டாததால், படத்தை உலகமே உற்றுப் பார்த்தது. சார்லட்டின் சட்டைக் கை ஓரிடத்தில் ஒட்டாமல் நின்றது. அன்றிரவே ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி ஆகிய மூன்று செய்தி நிறுவனங்களும் படத்தைத் திரும்பப் பெற்றன. திருத்தியது தானே என்று மறுநாள் கேத்தரின் மன்னிப்புக் கேட்டார். கேலிக்குக் குறைவில்லை.

மார்ச் 22

தோட்டத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்து வீடியோவில் பேசினார். அறுவைக்குப் பிந்தைய பரிசோதனையில் புற்றுநோய் தெரிந்தது, கீமோ நடக்கிறது. பிப்ரவரி இறுதியிலேயே தொடங்கிவிட்டதாக அரண்மனை சொன்னது. அப்படியென்றால் அந்தச் சிரிப்புப் படம் வந்தபோதே மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளுக்கு அப்போது 10, 8, 5 வயது. அவர்களுக்குப் பொருத்தமாக எடுத்துச் சொல்ல நாள் பிடித்தது என்றார். அறிவிப்பு வந்தது ஈஸ்டர் விடுமுறை தொடங்கும் நேரத்தில். தற்செயலாக இருக்காது. பள்ளிக்கூட வாசலில் யாராவது எதையாவது கேட்டுவைத்தால் ஐந்து வயதுப் பையன் என்ன பதில் சொல்வான்?

ஜூன் 14

நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு என்று எழுதினார். மோசமான நாளில் உடம்பு சொல்வதைக் கேட்டுப் படுத்துவிட வேண்டும். தெம்பான நாளில் பிள்ளைகளின் பள்ளி வேலைகளில் கலந்துகொள்வது சந்தோஷம்.

கீமோ பார்த்த வீடுகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். அவருக்கு என்ன மருந்து என்பதை வெளியிடவில்லை. பொதுவாக, மருந்து ஏறிய முதல் சில நாட்கள் குமட்டலும் அசதியும். அடுத்த ஓரிரு வாரங்களில் வெள்ளையணு இறங்கும். லேசாகக் காய்ச்சல் அடித்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், சளி பிடித்த விருந்தாளியை வாசலோடு அனுப்ப வேண்டும். அடுத்த டோஸுக்கு முந்தைய சில நாட்களில்தான் சோறு ருசிக்கும், காலில் பலம் வரும். பிறந்தநாளோ ஊர்ப்பயணமோ, அந்த இடைவெளியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அரண்மனைக்கு ஆளும் பணமும் உண்டு. பஸ் பிடித்துக் கீமோவுக்குப் போகும் குடும்பத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அந்த இடைவெளியை நீட்டிக்கொள்ள அவர்களாலும் முடியாது.

ஜூன் 15

மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்பு. அறுவைக்குப் பிறகு கேத்தரின் பொது நிகழ்ச்சிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. பேக்பைப் இசை கேட்டதும் லூயி பால்கனியில் ஆடத் தொடங்கிவிட்டான்.

ஜூன் 21

வில்லியமின் 42வது பிறந்தநாள். ஜார்ஜையும் சார்லட்டையும் வெம்ப்ளி மைதானத்துக்கு அழைத்துப்போனார். டெய்லர் ஸ்விஃப்ட் பாடினார். அப்பா கூச்சமில்லாமல் ஆடினார். அந்த வீடியோ உலகம் சுற்றியது. அம்மா அங்கே இல்லை. இந்த நாள்தான் முக்கியமானது என்று தோன்றுகிறது. நோயாளி வீட்டில் இருக்க, மற்றவர்கள் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருவதை நம் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வீடே முடங்கிப் படுத்தால், அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கப் போகிறவர் கட்டிலில் கிடப்பவர்தான்.

செப்டம்பர் 9

கீமோ முடிந்தது. நார்ஃபோக்கில் எடுத்த மூன்று நிமிட வீடியோ: காடு, கடற்கரை, தாத்தா பாட்டியோடு சீட்டாட்டம். எடுத்தவர் விளம்பரப் படக்காரர்; ஒளியும் இசையும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. சீட்டாட்டத்தை மட்டும் நம்பலாம். உட்கார்ந்த இடத்திலேயே, களைத்தவரும் ஒரு ஆட்டக்காரராகவே இருக்க முடிகிற விளையாட்டு அது.

நவம்பரில் கேப் டவுனில் வில்லியம், வாழ்க்கையிலேயே மிகக் கடினமான ஆண்டு இதுதான் என்றார். வெம்ப்ளியில் ஆடியதும் இதே ஆண்டில்தான்.

ஜனவரி 14, 2025

கேத்தரின், தனக்குச் சிகிச்சை நடந்த ராயல் மார்ஸ்டன் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார். நோய் தணிந்த நிலையில் இருப்பதாக அறிவித்தார்.

ஜூலை 2, 2025

கோல்செஸ்டர் மருத்துவமனைத் தோட்டம். அங்கிருந்த நோயாளிகளிடம் மனம்விட்டுப் பேசினார். சிகிச்சைக் காலத்தில் தைரிய முகம் காட்டிவிடுகிறோம். முடிந்த பிறகுதான் நிஜமாகவே கடினம், வீட்டில் முன்போல இயங்க முடிவதில்லை என்றார். இரண்டு வாரம் முன்பு, வருவதாக இருந்த அஸ்காட் குதிரைப் பந்தயத்துக்குக் கடைசி நேரத்தில் வரவில்லை.

ஜூலை 13, 2025

விம்பிள்டன் டென்னிஸ் இறுதிப் போட்டி. கேத்தரின், வில்லியம், ஜார்ஜ், சார்லட் ஆகியோரோடு வந்தார். வென்ற சின்னருக்குக் கோப்பையைக் கொடுத்தார். லூயியை இந்த வருடமும் அழைத்து வரவில்லை.