ஒலிம்பியாவின் குரல் யாருடையது?

யூனிஸ் லிப்டன் எழுதி 1992இல் வெளிவந்த ‘ஏலியஸ் ஒலிம்பியா’ முதல் வாசிப்பில் நமக்குப் பெரிதும் பிடித்துப்போன நூல். பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனேயின் புகழ்பெற்ற மாடலான விக்தோரின் மெரானைப் பற்றியது. அதிலிருந்து ஒரு பகுதியை விக்தோரினின் கூற்று என்றே வகுப்பில் எடுத்துரைத்தோம். “இதை அவர் எங்கே எழுதி வைத்தார்?” என்று கேட்டார் ஒரு மாணவி. நம்மிடம் விடையில்லை. வீடு திரும்பி நூலைப் புரட்டினோம். நாம் அடிக்கோடிட்டிருந்தவற்றுள் பெரும்பாலானவை, விக்தோரின் பேசுவதாக ஆசிரியர் புனைந்த வரிகள்!

நூலின் பயனை மறுப்பதற்கில்லை. மனே 1863இல் வரைந்த ‘ஒலிம்பியா’, 1865இல் பாரிசின் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது பெரும் கண்டனம் எழுந்தது. பார்ப்போரைக் கூச்சமின்றி நேருக்கு நேர் நோக்கிய அப்பெண், பிற்காலத்தில் குடித்துச் சீரழிந்தாள், இளமையிலேயே மாண்டாள் என்றெல்லாம் கதைகள் நிலவின. அக்கதைகளைக் கேள்விக்குட்படுத்தியவர் லிப்டன். விக்தோரின் தாமும் ஓர் ஓவியர். மனேயின் படங்களை நடுவர்கள் தள்ளிவிட்ட 1876ஆம் ஆண்டில், அதே சலோன் அவருடைய படத்தை ஏற்றுக்கொண்டது. 1844இல் பிறந்த அவர் 1927 வரை வாழ்ந்தார்.

இத்தகைய வாழ்வைத் தேடிச் சென்றவர், வழியில் தம்மையே மிகுதியாகத் தேடத் தொடங்கிவிடுகிறார் என்பதே நம் குறை. தம் தேடலும் இதில் உண்டு என்று நூலின் துணைத்தலைப்பிலேயே அவர் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். ஆயினும், சான்று தீர்ந்த இடத்தில் கற்பனைக் குரல் நுழையும்போது, அதுவரை மாடலாக இருந்தவர் மீண்டும் மாடலாகிறார். முன்பு தூரிகைக்கு, இப்போது பேனாவுக்கு.

விக்தோரினின் சொந்தக் குரல் முற்றிலும் அழிந்துவிடவில்லை. 1883இல் மனே மறைந்த பின், அவருடைய மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார் விக்தோரின். படங்கள் விற்றால் ஒரு தொகை தருவதாக மனே வாக்களித்திருந்ததை நினைவூட்டி உதவி கோரும் கடிதம் அது. வறுமையும் தன்மானமும் ஒருங்கே தெரியும் அந்த ஒரு கடிதத்தின் முன், புனைந்த பக்கங்கள் யாவும் நமக்கு வெளிறித் தோன்றுகின்றன. அவர் வரைந்த ஓவியம் ஒன்று 2004இல் கொலோம்ப் நகர அருங்காட்சியகத்தை வந்தடைந்தது. வாழ்க்கை வரலாற்றில் காலியாக விடப்படும் இடத்தைப் பின்னாளில் சான்றே வந்து நிரப்பக்கூடும் அன்றோ?

அடுத்த வகுப்பில் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். அந்த மாணவி குறிப்பேட்டைத் திறந்து, முன்பு எழுதியிருந்த வரியை அடித்தார்.