காவிரிக் கரையில் ஒரு பகல்

எருமப்பட்டிப் புன்செய் உழவர்க்குத் தண்ணீர் என்றால் கிணறும் ஏரியுமே. கொல்லிமலை மீது கருமேகம் திரளும் நாளே அவர்க்குத் திருநாள். அத்தகையோர் ஒரு நாளேனும் பரமத்தி வேலூரிலிருந்து மோகனூர் வரை காவிரிக் கரையோரம் நடந்து வருதல் நன்று.

வைகறையிலே புறப்பட வேண்டும். ஜேடர்பாளையத்தில் ஆற்றினின்று பிரியும் இராஜவாய்க்கால் நீரால் இக்கரையெங்கும் வாழையும் கரும்பும் செழிக்கின்றன. அகத்தி மரங்களைப் பற்றிப் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்களின் குளிர்ச்சி வழிநடைக் களைப்பைப் போக்கும். இவ்வாய்க்காலை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்று இப்பகுதியினர் இன்றும் நன்றியோடு போற்றுவர்.

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றோரம், குதிரைகள் படகிழுத்த பழந்தடங்களை இணைத்து, ஏறத்தாழ 184 மைல் நீளமுள்ள நடைபாதையை 1996இல் திறந்தனர். அங்கே வழிகாட்டிப் பலகைகள் உண்டு. நம் கரைப்பாதையோ மடை திருப்பச் செல்லும் உழவரின் கால்கள் இட்டது. ஆகவே அதன் ஆயுளும் உழவின் ஆயுளே. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின், அங்குத் திறந்துவிடும் நீரே இக்கரையின் வாழ்வை உறுதி செய்கிறது. நீர் வாராத வாய்க்காலுக்கு மடை திறக்க எவர் செல்வார்? எவரும் செல்லாத பாதையைச் சீமைக் கருவேல் சில ஆண்டுகளில் மூடிவிடும்.

பிள்ளைகளோடு செல்லும் பெற்றோர், அணை திறந்திருக்கும் நாளில் அவர்களை ஆற்றில் இறங்க விடலாகாது. கரையில் நின்றே காட்டுங்கள்.

மாலையில் மோகனூரை அடையலாம். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்த ஊர் அது. வீடு திரும்பியபின் குடத்து நீரை வீணே கொட்ட நம் கை சற்றுத் தயங்குமாயின், நடந்த நடை பயனுள்ளதே.