காவல் பெட்டியின் கடவுச்சொல்

பிள்ளைகளுடன் தனித்து வாழும் பெண்களின் வீடுகளுக்குப் பணி நிமித்தம் நான் செல்வதுண்டு. அண்மைக் காலமாகச் சில வீடுகளின் சுவரில் சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்றைக் காண்கிறேன். கைத்தொலைபேசிக்குப் போடும் அதே சிம் அட்டைதான் அதற்குள்ளும் இருக்கிறது. இரவில் கதவு திறபட்டால் பெட்டி அலறும். பதிந்து வைத்த இலக்கங்களுக்குத் தானே அழைப்பெடுக்கும். நாய் குரைத்தால் விடியும்வரை கண்விழித்திருந்த பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

கிளிநொச்சிப் பக்கம் ஓர் அக்கா. 2009இல் கணவரை இழந்தவர். வளர்ந்த மகள்மார் இருவர். பெட்டியின் கடவுச்சொல் என்னவென்று கேட்டேன்.

"அது பூட்டின பெடியனுக்குத்தான் தெரியும் பிள்ளை. எனக்கேன் அதெல்லாம்?"

கையேட்டைத் தேடி எடுத்தோம். கடவுச்சொல் 1234 என்று அச்சிடப்பட்டிருந்தது. அதே வகைப் பெட்டி எல்லாவற்றுக்கும் அதுதான். அக்காவின் அனுமதியுடன், எனது தொலைபேசியிலிருந்து பெட்டியின் இலக்கத்துக்கு அந்த நான்கு எண்ணுடன் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். பிறகு கதவைத் திறந்தோம். பெட்டி சத்தமே போடவில்லை.

அதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. கள்வன் புகுந்தால் வீட்டுக்குள் நடப்பதைக் கேட்பதற்கென்று இத்தகைய பெட்டிகள் பலவற்றில் ஒலிவாங்கி இருக்கும். கடவுச்சொல் தெரிந்தவர் அழைத்தால், மணி அடிக்காமலே அறையில் பேசுவது அவருக்குக் கேட்கும்.

"அப்ப நாங்கள் கதைக்கிறதும் கேக்குமோ?" அக்காவின் முகம் மாறிவிட்டது. பெட்டி பூட்டியிருந்தது மகள்மார் படுக்கும் அறையில். யார் ஒட்டுக்கேட்கிறார்களோ என்று குரலைத் தாழ்த்தியே பேசிப் பழகியவர்கள் நாங்கள்.

இது எமது ஊர்க் கதை மட்டுமல்ல. 2019இல் பிரித்தானியாவில் முதியோர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவியொன்றிலும் இதே குறை கண்டுபிடிக்கப்பட்டது. இலக்கம் தெரிந்த எவரும் குறுஞ்செய்தி அனுப்பி ஒட்டுக்கேட்கக்கூடியதாக இருந்தது. அதே ஆண்டு, 123456 என்ற ஒரே கடவுச்சொல்லுடன் சுமார் 6 இலட்சம் இடங்காட்டும் கருவிகள் பாவனையில் இருந்ததை அவாஸ்ட் நிறுவனம் வெளிப்படுத்தியது.

பெட்டியில் பதிந்திருந்த முதல் இலக்கம் அந்தப் பெடியனுடையது. அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. சோதிக்கப் போட்டு அழிக்க மறந்திருக்கலாம். எனினும் அழித்தோம். மூத்த மகள், பக்கத்து வீட்டு மாமி, அக்காவின் தம்பி என்று மூன்று இலக்கங்களைப் பதிந்தோம். புதிய கடவுச்சொல்லுக்கு அக்கா தனது பிறந்த ஆண்டைச் சொன்னார். அது அடையாள அட்டை இலக்கத்திலேயே இருக்கிறதே என்றேன். சிரித்துவிட்டு வேறொன்றைத் தானே அழுத்தினார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

வலையமைப்பையும் பார்க்கவேண்டும். சிம் அட்டைக்குப் பின் இலக்கப் பூட்டு இருந்தால் சில பெட்டிகள் இயங்கா. காசு தீர்ந்தாலோ சிம் காலாவதியானாலோ பெட்டி அழைக்காது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்புவது எமது அலைவரிசைக்குப் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவுக்கென்று செய்தது இங்கு பொருந்தாமல் போகலாம். பழைய 2ஜி, 3ஜி பெட்டி மலிவு என்று வாங்குவதும் புத்தியல்ல. அமெரிக்காவில் ஏரி அன்ட் ரி நிறுவனம் 2022 பெப்ரவரியில் 3ஜி சேவையை நிறுத்தியபோது, மாற்றப்படாத பழைய காவல் கருவிகள் தொடர்பிழந்தன.

பெட்டியை இப்போது விறாந்தைப் பக்கச் சுவருக்கு மாற்றியாயிற்று. சிக்னலும் அங்குதான் நன்றாகக் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை கதவைத் திறந்து சோதிக்கும் பொறுப்பை இளைய மகள் எடுத்திருக்கிறாள்.