லிங்கன் கோட்டை அம்மாள்

இங்கிலாந்திலே லிங்கன் நகருக்குப் போகிறவர்கள் முதலில் தங்கள் முழங்கால்களுக்குத் தைரியம் சொல்லிக்கொள்ள வேண்டும். கோட்டைக்கு ஏறும் தெருவின் பெயரே 'செங்குத்து மேடு'! கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, நின்று நின்று ஏறினால், உச்சியில் ஒரு பக்கம் பிரம்மாண்டமான மாதா கோயில். மறு பக்கம் 1068-ம் ஆண்டில் வில்லியம் மன்னர் எழுப்பிய கோட்டை.

இந்தக் கோட்டையைத் தகப்பனார் வழிச் சொத்தாகப் பெற்று ஆண்டவர் ஒரு பெண்மணி. நிக்கோலா டி லா ஹே என்று பெயர். லிங்கன்ஷைர் ஜில்லாவின் ஷெரீப்பாகவும் இருந்தவர்!

ஷெரீப் என்றதும் சினிமாவில் துப்பாக்கியோடு குதிரையேறி வருபவரை நினைக்க வேண்டாம். 'ஷைர்' என்றால் ஜில்லா. 'ரீவ்' என்றால் மணியக்காரர். இரண்டும் சேர்ந்து மருவியதுதான் ஷெரீப். அரசனுக்கு வரி வசூலிப்பது, ஜில்லா நியாய சபையை நடத்துவது, படை திரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

1191-ல் கணவர் ஊரில் இல்லாத சமயம் எதிரிகள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். சுமார் 40 நாள் அம்மாள் அசைந்து கொடுக்கவில்லை! 1216-ல், விதவையாகி வயதும் ஏறிய பிறகு, ஜான் மன்னரிடம் கோட்டைச் சாவிகளை நீட்டி, ஓய்வு கேட்டார். மன்னர் சாவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்துடன் அக்டோபர் 18-ந் தேதி, வேறொருவரோடு சேர்த்து அவரை ஷெரீப்பாகவும் நியமித்தார். அன்றிரவே மன்னர் கண்ணை மூடினார்.

பிரெஞ்சு இளவரசர் லூயியின் படை வந்து கோட்டையைத் தாக்கியது. அம்மாள் தாக்குப் பிடித்தார். 1217 மே 20-ல், எழுபது வயதை எட்டிய வில்லியம் மார்ஷல் சேனையோடு வந்து பகைவரை விரட்டினார்.

கிடைத்த பரிசு என்ன தெரியுமா? நான்கே நாளில் ஷெரீப் பதவியைப் பிடுங்கி, ஸாலிஸ்பரி பிரபுவுக்குக் கொடுத்தார்கள்! கோட்டையும் போயிற்று. அம்மாள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. அரச சபைக்கே போய்த் தம் சேவையை எடுத்துரைத்தார். கோட்டை திரும்பக் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. 1226 வரை கோட்டையைக் காத்து, 1230-ல் காலமானார்.

இன்று ஷெரீப் பதவி சம்பளமில்லாத, ஒரு வருஷத்துக் கௌரவப் பதவி. பெண்களும் வகிக்கிறார்கள். நம் சென்னையிலும் 1956-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் ஷெரீப்பாக இருந்தாரே!

இங்கிலாந்தில் இன்னும் ஒரு வேடிக்கை. ஷெரீப்பைத் தேர்ந்தெடுக்க மன்னர் கையெழுத்துப் போடுவதில்லை. தோல் சுருளில் பெயருக்கு நேரே ஊசியால் ஒரு குத்து! முதல் எலிஸபெத் ராணி தையல் வேலையில் இருந்தபோது பேனா அகப்படாமல் ஊசியால் குத்தினாராம். சரித்திரக்காரர்கள் இதை ஒப்புவதில்லை. ஆனாலும், வாளேந்தும் பதவியைத் தையலூசி தீர்மானிக்கிறது என்பது நமக்குப் பெருமைதானே!