இரண்டாம் முறை வந்த பெயர்

ஜமுனாமரத்தூரில் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். லிஸ்ட் கைவந்ததும் சாமை வரவை எழுதச் சொல்வேன்: ஆள் பெயர், எத்தனை கிலோ. ராமன் 42, லட்சுமி 30, ராமன் 18. மூன்று ஜோடிகள்.

லட்சுமியின் கணக்கைப் பார்க்க லிஸ்டை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அதையே டிக்‌ஷனரியாக மாற்ற ஒரு வரி போதும். டிக்ட் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் லிஸ்டைக் கொடுத்தால் முடிந்தது. பெயர் கீ ஆகிவிடும், கிலோ வேல்யூ ஆகிவிடும். கீயிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அது காட்டும் அறைக்கே நேராகப் போவதால், ஆயிரம் பேர் இருந்தாலும் தேடல் தாமதமாகாது. பிள்ளைகளின் முகம் மலரும் இடம் இது. பல வருடம் நானும் இங்கேயே பாடத்தை முடித்துவிட்டேன். அது தவறு.

இப்போது கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன். லிஸ்டில் 90 கிலோ. டிக்‌ஷனரியில் 48.

ராமனின் 42 கிலோவைக் காணோம். ஜோடியில் மூன்றாவதாக ஒன்று நுழைந்தால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். லிஸ்டையே கீயாக வைத்தாலும் மறுத்துவிடும். ஒரே கீ இரண்டு முறை வந்தால் மட்டும் சத்தமே இல்லை. பிந்தைய வேல்யூ முந்தையதை அழித்துவிடும். அதிலும், வரிசையில் ராமனுக்கு முதலில் கிடைத்த இடம் அப்படியே இருக்க, எண் மட்டும் மாறியிருக்கும். பார்க்கிறவருக்கு எதுவும் தொலைந்ததாகத் தெரியாது. ஒரு குடும்பத்தின் உழைப்பு அப்படிக் காணாமல் போகலாம் என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

லூப் போட்டு, ஏற்கெனவே உள்ளதோடு கூட்டிக்கொள்ளலாம். ராமனுக்கு 60 வரும். ஆனால் ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “ரெண்டு ராமனும் ஒரே ஆளா சார்? ஒருத்தர் மேல்பட்டு, இன்னொருத்தர் அத்திப்பட்டா இருந்தா?” அதற்கு நிரலில் பதில் கிடையாது. வரவை நோட்டில் எழுதிவந்தவரைத்தான் கேட்க வேண்டும். வேறு வேறு ஆள் என்றால் பெயரையும் ஊரையும் சேர்த்து ஒரு டியூப்பிளாக்கி, அதைக் கீயாக வைக்கலாம். டியூப்பிள் பின்னால் மாறாது. அதனால் பைத்தான் அதை ஏற்கும்.

அன்று அவளுக்குக் காவலூரைச் சொன்னேன். ஜமுனாமரத்தூர் இருக்கும் இதே மலைத்தொடரில், திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் உள்ள அந்த ஊரின் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். இன்று அது 4130 ராமானுஜன். எண்தான் முன்னால். அந்த எண்ணும் கண்டவுடன் கிடைப்பதில்லை. முதலில் ஒரு தற்காலிகக் குறியீடு, சுற்றுப்பாதை உறுதியான பிறகே நிரந்தர எண், அதன்பின் பெயர். இன்றிரவு தெரியும் புள்ளியும் எப்போதோ வேறொருவர் பார்த்த புள்ளியும் ஒன்றேதானா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமே. வானத்திலும் அதே ராமன் கேள்விதான்.

அதன் பிறகு என் வகுப்பில், மாற்றுவதற்கு முன் எத்தனை ஜோடி, மாற்றியபின் எத்தனை கீ என்று இரண்டையும் அச்சிடாமல் யாரும் அடுத்த வரிக்குப் போவதில்லை. எண்ணிக்கை குறைந்தால் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, நோட்டை எடுத்துக்கொண்டு எழுதிவந்தவரிடம் போகிறார்கள்.